கப்பலில் இறங்கத் தெரிந்த விமானம்: போர் சிமுலேட்டருக்கு ஆட்-ஆன் செய்யத் தொடங்குவோருக்கு

போர் விமானம் ஓட்டும் கணினி விளையாட்டான சிமுலேட்டரோடு வரும் விமானங்கள் யாருக்கும் போதுவதில்லை. அதனால் விளையாடுகிறவர்களே புது விமானம் செய்து சேர்த்துக்கொள்கிறார்கள். அதைத்தான் ஆட்-ஆன் என்கிறோம். சிலர் மாட் என்பார்கள். ஓடுபாதையிலிருந்து கிளம்பும் விமானத்தைச் செய்வது ஒரு வேலை. விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பும் போர்க்கால விமானத்தைச் செய்வதும் அதே வேலைதான் என்று முதலில் தோன்றும். இல்லை. தரை விமானத்தை அதன் உச்ச வேகத்தை வைத்து மெச்சலாம். கப்பல் விமானம் நன்றாக வந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், அது எவ்வளவு மெதுவாக, கைக்கு அடங்கிப் பறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெங்களூரில் இந்தப் பைத்தியம் பிடித்த தமிழர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். அல்சூர், மாரத்தஹள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி என்று ஆளுக்கொரு மூலை. பாதிப் பேர் பகலில் கார் கம்பெனிகளுக்குக் கதவும் பம்பரும் கணினியில் வரைகிற கேட் (CAD) இன்ஜினியர்கள். முப்பரிமாண உருவம் செய்வது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது: "அண்ணா, மாடல் பக்காவா இருக்கு. டெக்ல இறக்கினா மட்டும் எகிறி எகிறிக் கடல்ல விழுது. டெக்ஸ்சர்ல ஏதாவது தப்பா?"

டெக் என்றால் விமானம் இறங்கும் கப்பலின் மேல்தளம்; டெக்ஸ்சர் என்றால் உருவத்தின் மேல் ஒட்டும் வண்ணப் படம். டெக்ஸ்சரில் ஒரு தப்பும் இல்லை. அவர் விமானத்தின் வெளித்தோற்றத்தைச் செய்து முடித்திருந்தார். அதன் நடத்தையை இன்னும் தொடவே இல்லை.

ஒரு ஆட்-ஆன் ஃபோல்டரைத் திறந்தால் இது புரியும். கண்ணுக்குத் தெரியும் உருவம் ஒரு கோப்பில் இருக்கிறது. பிளெண்டர், 3டிஎஸ் மேக்ஸ் போன்ற முப்பரிமாண மென்பொருளில் செய்து, அந்தந்த சிமுலேட்டருக்கு உரிய வடிவத்துக்கு மாற்றியது. அதன் மேல் ஒட்டும் வண்ணப் படங்கள் தனி. விமானத்தின் எடை, இறக்கைப் பரப்பு, இன்ஜின் சக்தி, சக்கரம் தரையைத் தொடும் இடம் எல்லாம் இன்னொரு கோப்பில். இதை ஃப்ளைட் மாடல் என்கிறோம். எந்த இடத்தில் அடிபட்டால் என்ன கழன்று விழும் என்பது வேறொன்றில். விமானி உட்காரும் காக்பிட் தனி, ஒலி தனி. இதில் தொடக்கக்காரர் மனதில் பதிக்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் செய்த அழகான சக்கரத்துக்கும், சிமுலேட்டர் தரையைத் தொட்டதாகக் கணக்குப் பண்ணும் சக்கரத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. படத்தில் இருக்கும் சக்கரம் வெறும் படம். கோப்பில் மூன்று எண்களாக எழுதியிருக்கும் ஒரு புள்ளிதான் உண்மையான சக்கரம். இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது உங்கள் பொறுப்பு. சேர்க்காவிட்டால் விமானம் டெக்குக்கு ஒரு சாண் மேலே மிதக்கும், அல்லது முழங்கால் அளவு புதைந்து நிற்கும்.

எந்த சிமுலேட்டருக்குச் செய்வது என்று நிறையப் பேர் நீண்ட நேரம் யோசிக்கிறார்கள். என்னைக் கேட்டால், நடத்தைக் கோப்பை நோட்பேடில் திறந்து படிக்க முடிகிற எதுவும் முதல் முயற்சிக்குச் சரி. 2000-இல் வந்த மைக்ரோசாஃப்ட் காம்பாட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2 பசிபிக் போரைக் களமாகக் கொண்டது. அதன் அமைப்புகளில் ஒரு பகுதி சாதாரண உரைக்கோப்பு. தேர்டு வயர் நிறுவனத்தின் ஸ்ட்ரைக் ஃபைட்டர்ஸ் வரிசையிலும் விமானத்தின் தரவு உரைக்கோப்பாகவே இருக்கும். டிசிஎஸ் வேர்ல்ட் என்ற சிமுலேட்டரில் ஆழமான ஃப்ளைட் மாடல் வேண்டுமானால் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டும். அதையும் தன்னார்வலர்கள் சாதித்திருக்கிறார்கள். டிசிஎஸ்ஸுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஏ-4இ-சி ஸ்கைஹாக் அதற்குச் சான்று. வியட்நாம் போர்க்காலக் கப்பல் விமானம், முழு காக்பிட்டோடு. ஆனால் அது ஒரு குழுவின் பல ஆண்டு உழைப்பு. முதல் மாதத்திலேயே அந்த உயரத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

முதல் விமானமாக எதை எடுப்பது? எல்லோரும் அமெரிக்கக் கப்பல் விமானமான கோர்சேர் என்பார்கள், அல்லது ஹெல்கேட். நான் ஐச்சி டி3ஏ-வைச் சொல்வேன். ஜப்பானியக் கடற்படையின் செங்குத்துக் குண்டுவீச்சு விமானம், இரண்டு பேர் உட்காருவது. காரணம் சோம்பேறித்தனம்தான். இதன் சக்கரங்கள் உள்ளே மடங்காது. ஆகவே சக்கரக் கதவு, மடக்கும் அனிமேஷன் எதுவும் வேண்டாம். இறக்கையின் நுனி மட்டும்தான் மடங்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களில் கேடபுல்ட் (விமானத்தை உந்தி எறியும் கருவி) கிடையாது. ஆகவே அந்தத் தலைவலியும் இல்லை. முட்டை வடிவில் வளைந்து போகும் இறக்கை விளிம்பு கொஞ்சம் படுத்தும், அவ்வளவுதான். அடிவயிற்றுக் குண்டு புரொப்பெல்லரில் பட்டுவிடாமல் வெளியே வீசிவிடும் ஆட்டக்கை ஒன்று உண்டு. அனிமேஷன் பழக அது ஒன்றே போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த விமானம் நம் கடலுக்கு வந்தது. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் (அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுய்காகு) கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தவை ஐச்சிகள்தான். ஹெர்மிஸில் அன்று அதன் விமானங்கள் ஒன்றுகூட இல்லை. இடையில் ஏப்ரல் 6 அன்று ரியூஜோ என்ற சிறிய கப்பலின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. அந்த மாதம் சென்னையைக் காலி செய்துகொண்டு ஊருக்கு ஓடிய கதை நம்மில் பல வீடுகளில் உண்டு. பசிபிக் தீவுகளுக்கு ஆயிரம் மிஷன் (விளையாடுவதற்கான போர்க்காட்சி) செய்தாகிவிட்டது. திருகோணமலைக்கு ஒன்று செய்யுங்களேன்.

சரி, நடத்தைக்கு வருவோம்.

ஐச்சியின் வெற்று எடை சுமார் 2,400 கிலோ, இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 35 சதுர மீட்டர். குண்டைப் போட்டுவிட்டு, பெட்ரோல் குறைந்து, இரண்டு ஆட்களோடு திரும்பி வரும்போது 2,900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காமல் கைவிடுகிறதோ, அதுதான் ஸ்டால் வேகம். கணக்கு இப்படி: எடையை நியூட்டனாக மாற்றி இரண்டால் பெருக்குங்கள். காற்றின் அடர்த்தி, இறக்கைப் பரப்பு, அதிகபட்ச லிஃப்ட் கெழு (இறக்கை எவ்வளவு தூக்கும் என்பதைக் காட்டும் எண்) மூன்றையும் தனியே பெருக்கி, அதால் வகுங்கள். வருவதற்கு வர்க்கமூலம் எடுத்தால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் பலகையான ஃப்ளாப்பை இறக்கிய நிலையில் லிஃப்ட் கெழு 1.6 என்று எடுத்தால், சுமார் 29 மீட்டர், அதாவது மணிக்கு 104 கி.மீ. வருகிறது. இறங்கும்போது இதற்கு மேல் கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொண்டு வர வேண்டும். ஆக மணிக்கு 130 கி.மீ.

இந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவையுங்கள். உங்கள் ஆட்-ஆன் மணிக்கு 130 கி.மீ.யில், மூக்கைச் சற்றே தூக்கி, பாதி த்ராட்டிலில் (இன்ஜின் சக்தியைப் பாதி திறந்து), நடுங்காமல் பறக்க வேண்டும். உச்ச வேகம் 385 காட்டுகிறதா 400 காட்டுகிறதா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

கப்பல் நிற்பதில்லை என்பது அடுத்த விஷயம். ஓடுகிற பி.எம்.டி.சி. பேருந்தில் தொற்றி ஏறுகிறவர் அது போகும் திசையிலேயே கூட ஓடித்தான் ஏறுவார். நின்ற இடத்திலிருந்து கம்பியைப் பிடித்தால் தோள்பட்டை போய்விடும். விமானம் இறங்கும்போதும் இதுதான். கப்பல் காற்றை எதிர்த்து 25 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 46 கி.மீ.யில் போகிறது என்றால், 130-இல் வரும் ஐச்சிக்கும் டெக்குக்கும் இடையே உள்ள வேக வித்தியாசம் 84 மட்டுமே. டெக்கின் குறுக்கே கட்டிய கம்பியை வாலடிக் கொக்கியால் பிடித்து 40 மீட்டரில் நிற்பதாகக் கொண்டால், விமானத்தின் மேல் விழும் இழுப்பு புவியீர்ப்பில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. அதே கப்பல் நங்கூரம் போட்டு நின்று, காற்றும் இல்லாமல் இருந்தால்? புவியீர்ப்பில் ஒன்றரை மடங்குக்கு மேல். வேகம் ஒன்றரை மடங்கு கூடியதற்கு இழுப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது, ஏனென்றால் இழுப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். கிளம்பும்போதும் இதே வர்க்கக் கணக்குதான்: கப்பலின் வேகத்தோடு எதிர்காற்றும் நல்லபடியாக இருந்தால், ஓட வேண்டிய தூரம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். ஆகவே "டெக் போதவில்லை, கடலில் விழுகிறது" என்று தோன்றினால், இன்ஜின் சக்தியைக் கூட்டும் முன் மிஷன் கோப்பில் கப்பலின் வேகத்தைப் பாருங்கள். அது பூஜ்யமாக இருக்கும். பத்தில் எட்டு புகார்கள் இதில் முடிந்துவிடுகின்றன என்பது என் அனுமானம்.

இனி தம்பியின் கேள்வி. ஏன் எகிறுகிறது?

ஓடுபாதையில் இறங்கும் விமானி கடைசி நேரத்தில் மூக்கைத் தூக்கி, மெத்தென்று தொடுவார். கப்பலில் அதற்கு இடமில்லை; இறங்கிவந்த வேகத்திலேயே போய் டெக்கில் உட்கார வேண்டும். கீழ்நோக்கிய வேகம் விநாடிக்கு மூன்று மீட்டர் வரை போகலாம். சக்கரக் காலுக்குள் இருக்கும் ஷாக் அப்சார்பர் அதை விழுங்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் குடும்பத்தில் ஒவ்வொரு சக்கரப் புள்ளிக்கும் மூன்று எண்கள் இதற்கென்றே உண்டு: நிற்கும்போது எவ்வளவு அமுங்கியிருக்கும், அதிகபட்சம் அதுபோல எத்தனை மடங்கு அமுங்கும், அமுங்கியது திரும்பி வரும்போது எவ்வளவு அடக்கப்படும். மூன்றாவது எண் குறைவாக இருந்தால் கால் வெறும் ஸ்பிரிங்காகிவிடும். வாங்கிய அடியை அப்படியே திருப்பிக் கொடுக்கும். தரை விமானம் ஒன்றின் கோப்பை நகலெடுத்துப் பெயர் மாற்றியவர்களுக்கு இதுதான் நடக்கிறது. அந்த எண்ணைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் விநாடிக்கு மூன்று மீட்டரில் டெக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு அளவில் எகிறல் அடங்கும். அதற்கு மேலும் ஏற்றினால் கால் விறைத்து உடையும்.

நிஜத்திலும் இந்தத் தொல்லை இருந்தது. கோர்சேர் முதலில் பறந்தது 1940-இல். புரொப்பெல்லர் நாலு மீட்டருக்கும் மேல் அகலம். அது தரையில் இடிக்காமல், சக்கரக் காலும் நீளாமல் இருக்கத்தான் அந்த வளைந்த இறக்கை. நீண்ட மூக்கு விமானியின் பார்வையை மறைத்தது. மெதுவாக வரும்போது இடது இறக்கை முதலில் ஸ்டால் ஆனது. டெக்கில் தொட்டதும் எகிறியது. வலது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு பட்டையை ஒட்டி, இரண்டு இறக்கையும் ஏறத்தாழ ஒன்றாக ஸ்டால் ஆகும்படி செய்தார்கள். சக்கரக் காலையும் சரிசெய்தார்கள். அமெரிக்கக் கடற்படை 1944-இல்தான் அதைக் கப்பல்களில் தாராளமாக அனுமதித்தது. பிரிட்டிஷ் விமானிகள் நேராக வராமல் வளைந்து வந்து, கடைசி வரை டெக்கைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள். கோர்சேர் ஆட்-ஆன் செய்கிறவர் இந்தக் குறைகளையும் சேர்த்துச் செய்ய வேண்டும். குறையில்லாத கோர்சேர் பறக்கச் சுகமாக இருக்கும், ஆனால் அது கோர்சேர் இல்லை.

கொக்கியிலும் படம் வேறு, புள்ளி வேறு என்பதே கதை. வாலடியில் கீழே இறங்கும் கொக்கியை எல்லோரும் அழகாக அனிமேட் செய்துவிடுகிறார்கள். ஆனால் கம்பியைப் பிடிப்பது கோப்பில் எழுதிய புள்ளி. விமானம் மூக்கைத் தூக்கி, மூன்று சக்கரமும் ஒரே நேரத்தில் தொடும் கோணத்தில் வரும்போது, கொக்கியின் நுனி சக்கரத்தின் அடிமட்டத்துக்கும் கீழே இருக்க வேண்டும். பிளெண்டரில் விமானத்தை அந்தக் கோணத்துக்குச் சாய்த்து, சக்கரங்களின் அடியில் ஒரு நேர்கோடு போட்டுப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். நுனி கோட்டுக்கு மேலே இருந்தால், எவ்வளவு சரியாக வந்தாலும் கம்பிகளைத் தாண்டி ஓடும்.

இறக்கை மடக்குவது பெரும்பாலும் எளிது, ஒரு கீலைச் சுற்றித் திருப்பினால் போதும். ஐச்சியில் நுனி மட்டும். அமெரிக்காவின் க்ரம்மன் நிறுவன விமானங்கள்தான் படுத்தும். வைல்ட்கேட்டின் இறக்கை மேலே எழாமல், திருகிக்கொண்டு பின்னால் போய் உடலோடு ஒட்டிக்கொள்ளும். லெராய் க்ரம்மன் ஒரு ரப்பரையும் பேப்பர் கிளிப்புகளையும் வைத்துத்தான் அந்தக் கோணத்தைக் கண்டுபிடித்தார். புதியவர்கள் இதை இரண்டு தனித்தனித் திருப்பங்களாகச் செய்யப் பார்ப்பார்கள். இறக்கை உடலுக்குள் புகுந்து வெளியே வரும். சாய்வான ஒரே அச்சு, ஒரே திருப்பம். நீங்களும் ரப்பரை எடுத்துப் பாருங்கள், திரையைவிட அதில் சீக்கிரம் புரியும்.

வேகம் குறைந்த கணினி வைத்திருப்பவர்களையும் மறக்க வேண்டாம். தரையிலுள்ள விமானத்தளத்தில் விமானங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். கப்பலில் இருபது விமானங்கள் உங்கள் மூக்குக்கு முன்னால் நெருக்கியடித்து நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு லட்சம் முக்கோணங்கள் என்றால் திரை திக்கித் திணறிவிடும், அதுவும் இறங்கும் அந்த நொடியில். ஆகவே தூரத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று எளிய உருவங்கள் செய்து சேர்ப்பது கப்பல் விமானத்துக்குக் கட்டாயம். வண்ணமும் குறியீடும் அவரவர் ரசனை. ஒரே ஒரு வேண்டுகோள், ஜப்பானிய விமானங்களின் வால் குறியீடு கப்பலுக்குக் கப்பல் மாறும். சோர்யுவில் ஷோகாகுவின் விமானத்தை நிறுத்தாதீர்கள்.

சேதக் கோப்பில் ஐச்சிக்கு இரக்கம் காட்ட வேண்டாம். குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் டேங்க் அதற்கு இல்லை, சீக்கிரம் தீப்பிடிக்கும்.

ஐச்சியைக் கரை சேர்த்தபின் அடுத்து எது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஸீ ஹாக். 1971 டிசம்பர் 4 முதல் ஐ.என்.எஸ். விக்ராந்திலிருந்து கிளம்பி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய ஜெட். இதில் சக்கரமும் மடங்கும், இறக்கையும் மடங்கும், கேடபுல்ட்டும் உண்டு. கொதிகலனில் விரிசல் இருந்ததால் விக்ராந்தால் அப்போது முழு வேகத்தில் ஓட முடியவில்லை. மேலே போட்ட காற்றுக் கணக்கு இங்கே மிஷனின் உயிராகிவிடும்: கப்பலின் வேகம் குறைந்தால் ஏற்றும் குண்டையும் குறைக்க வேண்டியிருக்கும். நிஜ விமானத்தைச் சுற்றிவந்து படமெடுக்க கோவாவில் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. ஸீ ஹாக், விக்ராந்தில் இருந்த இன்னொரு விமானமான அலிசே இரண்டும் அங்கே நிற்கின்றன. பெங்களூரிலிருந்து ஒரு ராத்திரிப் பேருந்து. பொதுவாக எல்லோரும் எடுக்கும் பக்கவாட்டுப் படம் வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். குனிந்து சக்கரக் காலையும் கொக்கியின் கீலையும் இறக்கை மடிப்பையும் எடுங்கள். அருகில் ஒரு ஸ்கேலோ தண்ணீர் பாட்டிலோ அளவுக்காகத் தெரியட்டும்.

நம் ஊரிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. தேஜஸின் கடற்படை வடிவம் 2012 ஏப்ரலில் முதலில் பறந்தது பெங்களூரில்தான். தரை விமானத்துக்குக் கப்பல் வாழ்க்கை கற்றுக்கொடுக்க என்ன தேவைப்பட்டது? உறுதியான சக்கரக் கால்கள், கொக்கி, விமானிக்கு டெக் தெரியும்படி தாழ்த்திய மூக்கு. எடை கூடியது, 2016-இல் கடற்படை அது கனம் அதிகம் என்றே சொல்லிவிட்டது. இருந்தும் 2020 ஜனவரி 11 அன்று விக்ரமாதித்யா விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கியது. உங்கள் கோப்பிலும் சக்கரக் காலை உறுதியாக்கினால் எடையைக் கூட்டுங்கள், எடை கூடினால் ஸ்டால் வேகத்தை மறுபடி கணக்கிடுங்கள். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் சிமுலேட்டர் ஏமாறும், பறக்கிறவர் ஏமாற மாட்டார்.

வெளியிடும் முன் நிதானமான ஒரு சோதனை போதும். கப்பல் 25 நாட்டில் ஓடட்டும், வானம் தெளிவாக இருக்கட்டும், விமானத்தில் கால்வாசிப் பெட்ரோல். நீங்கள் இறக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கணினி ஓட்டும் விமானங்களையும் இறங்கச் சொல்லுங்கள். பல சிமுலேட்டர்களில் அவை எளிமையான வேறொரு கணக்கில் பறப்பதால், உங்களுக்குச் சரியாக வருவது அவற்றுக்கு வராமல் போகலாம். பின்பு ரீட்மீ கோப்பில் இறங்கும் வேகம், ஃப்ளாப் நிலை, எந்தக் கப்பலில் சோதித்தது என்ற மூன்றையும் தமிழிலும் எழுதிவையுங்கள். வேறொருவரின் காக்பிட்டையோ ஒலியையோ எடுத்திருந்தால் முதலில் அவரிடம் அனுமதி கேட்டு, அவர் பெயரையும் போட்டுவிடுங்கள்.